ஓவனில் தம் போடும் பிரியாணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டுப் பேருக்குச் சிக்கன் பிரியாணி. டர்பன் முறையில் மசூர் போட்டு ஓவனில் வைக்க அளவு சொல்லுங்கள். (சாட்ஸ்வொர்த்)

நீள அரிசி 3 கப், அதாவது 600 கிராம். எலும்போடு கோழி 1.2 கிலோ. முழு மசூர் (தோலோடு உள்ளது, சிவப்புப் பருப்பு அல்ல) 1 கப். நடுத்தர உருளைக்கிழங்கு 5, பெரிய வெங்காயம் 3, தக்காளி 2, நெய் 3 மேசைக்கரண்டி. பாத்திரம் 6 லிட்டராவது கொள்ள வேண்டும். 35க்கு 25 சென்டிமீட்டரில் 7 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டு சரியாக இருக்கும்.

முந்தின இரவே கோழியில் ஒன்றரைக் கப் மாஸ் (தயிர் போன்ற கெட்டியான புளித்த பால்), இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, வீட்டு மசாலாத்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி பிசறிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணம்தான். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும், வாடை கறியில் ஏறும்.

காலையில் மசூரைத் தனியாக வேகவையுங்கள். அந்தத் தண்ணீரில் அரைக் கப் எடுத்து வையுங்கள். கிழங்கை நான்காக நறுக்கி, மஞ்சள் தடவி, பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து மொறுமொறுவென்று வறுத்துப் பாதியை மேலே தூவ ஒதுக்குங்கள். மீதிப் பாதியோடு பட்டை, ஏலம், தக்காளி, கோழி சேர்த்து 20 நிமிடம் வேகட்டும். எண்ணெய் தடவிய தட்டில் கோழி, கிழங்கு, மசூர், முக்கால் வெந்த அரிசி என்று இரண்டு சுற்று அடுக்குங்கள். மேலே வறுத்த வெங்காயம், புதினா, கொத்தமல்லி, நெய். கடைசியாக எடுத்து வைத்த மசூர்த் தண்ணீரைத் தெளித்து விடுங்கள். ஃபாயிலால் இறுக மூடி 180 டிகிரியில் 30 நிமிடம், 150க்கு இறக்கி இன்னொரு 30 நிமிடம். காற்றாடி உள்ள ஓவன் என்றால் இரண்டிலும் 20 டிகிரி குறையுங்கள். வெளியே எடுத்த பிறகு மூடியைத் தொடாமல் 15 நிமிடம் விடுங்கள். ஆவி அடங்கும் முன் கிளறினால் அரிசி உடையும்.

ஒரு மணி நேரம் ஓவனில் இருந்தும் மசூர் கல்லு கல்லாக இருக்கிறது. கிழங்கும் நறுக்கென்கிறது. நேரத்தைக் கூட்டவா? (ஃபீனிக்ஸ்)

கூட்டாதீர்கள். அரிசி குழையும், மசூர் அப்படியேதான் இருக்கும். மாஸிலும் தக்காளியிலும் உள்ள புளிப்பு, பருப்பு, கிழங்கு இரண்டின் செல் சுவரை இளகவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புளிப்புக் குழம்பில் ஒருமுறை விழுந்துவிட்டால் அரைவேக்காட்டுப் பருப்பு மெத்தென்று ஆவது மிகக் கடினம். அதனால் மசூரை வெறும் தண்ணீரில் 20 முதல் 25 நிமிடம் வேகவைத்து, இரண்டு விரலில் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் தோல் பிரியக் கூடாது என்ற பதத்தில் வடியுங்கள். கிழங்கில் கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும். ஓவன் வேகவைக்கும் இடம் என்று நினைப்பதால்தான் பெரும்பாலான பிரியாணி கெடுகிறது. வெந்ததையெல்லாம் ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் அதன் வேலை.

ஆட்டுக்கறிக்கும் இதே கணக்கு. அடுப்பிலேயே எலும்பை விட்டுக் கழலும் அளவுக்கு, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வெந்த பிறகுதான் அடுக்க வேண்டும்.

மேல் அரிசி காய்ந்து குத்துகிறது, அடி அரிசி களியாகிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இரண்டு தனித்தனிக் கோளாறு. மேலே காய்வது ஆவி தப்புவதால். ஃபாயிலுக்கு அடியில் நனைத்துப் பிழிந்த பேக்கிங் தாள் ஒன்றை அரிசி மேல் படிய விரித்து, பிறகு ஃபாயிலை விளிம்பில் மடித்து அழுத்துங்கள். புளிப்பான கறி ஃபாயிலைத் தொட்டு ஓட்டை விழாமலும் அந்தத் தாள் காக்கும்.

அடியில் களியாவது குழம்பு தண்ணீராக இருப்பதால். சட்டியின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு மெல்ல மூடிக்கொண்டால் சரியான பதம். உடனே மூடினால் இன்னும் வற்ற வேண்டும்.

அரிசிப் பதமும் பாருங்கள். பாஸ்மதியை 30 நிமிடம் ஊறவைத்து, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 5, 6 நிமிடம் போதும். டாஸ்டிக் போன்ற புழுங்கல் அரிசிக்கு 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். கடிகாரத்தைவிடப் பருக்கையை நம்புங்கள். பெருவிரலால் நசுக்கினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது வடித்துவிடுங்கள்.

டர்பனில் சரியாக வந்த அதே அளவு லெனேசியாவில் வருவதில்லையே?

உங்கள் கையில் குறை இல்லை. லெனேசியா இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மசூருக்குப் பத்து நிமிடம், அரிசிக்கு இரண்டு மூன்று நிமிடம், தம்முக்குப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். ஓவன் சூட்டை ஏற்றிப் பயனில்லை, விளிம்புதான் கருகும்.

புரட்டாசி மாதம் கறி இல்லாமல் செய்ய? (ஸ்டேங்கர்)

சோயா உருண்டை 150 கிராம். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று முறை நன்றாகப் பிழியுங்கள்; பிழியாவிட்டால் பச்சை வாடை போகாது, மசாலாவும் உள்ளே இறங்காது. பிறகு கோழிக்குச் சொன்ன அதே மசாலாவைப் பாதி அளவில் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். பீன்ஸ், கேரட், பட்டாணி சேர்த்தால் அவை தண்ணீர் விடும். மேலே தெளிக்கும் மசூர்த் தண்ணீரைக் கால் கப்பாகக் குறையுங்கள்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்? (டோங்காட்)

ஓவன் கதவைத் திறக்காதீர்கள். முதல் அரை மணி நேரம் முடிந்திருந்தால் அந்தச் சூட்டிலேயே மீதி நடந்துவிடும். 40 நிமிடம் அப்படியே விடுங்கள். அதற்கு முன்பே போனால், கனமான இரும்புச் சட்டியில் அடுக்கியவர்கள் கேஸில் தோசைக்கல் வைத்து அதன் மேல் மிகச் சிறு தீயில் முடிக்கலாம். கண்ணாடித் தட்டை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. மின்சாரம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

மிஞ்சியதை ராத்திரி சட்டியோடு மேடையில் வைக்கலாமா?

கூடாது, அதிலும் டர்பன் வெயில் காலத்தில். வெந்த அரிசியில் பிழைத்திருக்கும் கிருமி வெதுவெதுப்பில் பெருகி நஞ்சு விடும், திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய சட்டியின் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. அதனால் சாப்பிட்டு எழுந்ததும் ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சுடவைத்துப் பரிமாறுங்கள். தொட்டுக்கொள்ளக் கேரட்டும் பச்சைமிளகாயும் போட்ட மாஸை மட்டும் அன்றன்று புதிதாகக் கலக்குங்கள், நேற்றையது நீர்த்திருக்கும்.