ஏழு பேர் கட்சி இணையலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் நடக்கும் நாடாளுமன்ற விளையாட்டு ஒன்றில் சின்னக் கட்சி ஒன்றை நடத்துகிறேன். தேர்தல், மசோதா, வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. நூறு இடங்களில் ஆளுங்கட்சிக்கு 49, எதிர்க்கட்சிக்கு 44, எங்களுக்கு 7. “எங்களோடு இணைந்துவிடுங்கள், ஓர் அமைச்சர் பதவி தருகிறோம்” என்று ஆளுங்கட்சி கேட்கிறது. எங்களில் பாதிப் பேர் தயார். ஏழு பேரால் தனியாக என்ன செய்துவிட முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இணையாதீர்கள். காரணம் நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது.

49-ம் 7-ம் சேர்ந்தால் 56. 44-ம் 7-ம் சேர்ந்தால் 51. எந்த இரண்டு கட்சி கை கோத்தாலும் மசோதா நிறைவேறும், எந்தக் கட்சியாலும் தனியாக முடியாது. ஆகவே சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற வாக்கெடுப்புகளில் உங்கள் மூன்று கட்சிகளுக்கும் பலம் ஒன்றுதான். அமெரிக்க வழக்கறிஞர் ஜான் பான்சாஃப் 1965-இல் இந்த வகைக் கணக்கைப் போட்டு, இட எண்ணிக்கை வேறு, முடிவை மாற்றும் சக்தி வேறு என்று காட்டினார். இணைந்தபின் என்ன ஆகும் என்று பாருங்கள். 56 பேர் கொண்ட கட்சிக்குள் நீங்கள் எட்டில் ஒரு பங்கு. உட்கட்சி வாக்கெடுப்பில் 49 பேர் ஒரு பக்கம் நின்றால் உங்கள் குரல் அவை வரைக்கும் வரவே வராது. அமைச்சர் பதவியையும் அவர்கள் நினைத்த அன்று திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பலத்துக்கு எல்லையும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்கிற தீர்மானத்தில் பெரியவர்கள் இருவரும் சேர்ந்தால்தான் 67-ஐத் தாண்ட முடியும். அங்கே உங்கள் ஏழுக்கு மதிப்பே இல்லை. 1958-இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் லக்சம்பர்க்குக்கு இதே நிலைதான். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலிக்கு நான்கு நான்கு வாக்கு, பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இரண்டிரண்டு, லக்சம்பர்க்குக்கு ஒன்று. அந்தச் சமூகத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தின் முன்மொழிவு நிறைவேற 12 வேண்டும். மற்ற எல்லார் வாக்கும் இரட்டைப்படை என்பதால் கூட்டுத்தொகை 11-இல் வந்து நிற்காது. லக்சம்பர்க்கின் அந்த ஒரு வாக்கால் முடிவு மாற வழியே இல்லை. எனவே எந்த விஷயத்துக்காவது தேவையான பெரும்பான்மையை உயர்த்தலாம் என்று பெரியவர்கள் கிளம்பினால் அதை முழு மூச்சாக எதிருங்கள்.

அப்புறம், வருகை. எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களிக்கும் நாளில் உங்களில் ஒருவர் வராவிட்டால் 50-க்கு 49. இருவர் வராவிட்டால் 49-க்கு 49, மசோதா தொங்கிவிடும். பெரிய கட்சிகளிலும் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஏழு பேரும் தவறாமல் வாக்களிக்கும் கட்சியின் பலம் இந்த விளையாட்டில் காகிதக் கணக்கைவிட அதிகம்.

ஆளுங்கட்சியிடம் பதவி கேட்க வேண்டாம். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் மட்டும் ஆதரவு, மற்றதெல்லாம் மசோதாவுக்கு மசோதா பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு சட்டம் கேளுங்கள். தேர்தல் முறையை அவையே தீர்மானிக்கலாம் என்றால், அதைத்தான் முதலில் கேட்பேன். வாக்குகளை 1, 2, 3 என்று வகுத்து இடம் பிரிக்கும் டோண்ட் முறை பெரிய கட்சிக்குச் சாதகம். 1, 3, 5 என்று வகுக்கும் சான்ட்-லாகு முறையில் சின்னக் கட்சிகளுக்கு நியாயம் கூடுதலாகக் கிடைக்கும்.

உட்கட்சி விதியையும் இன்றே சரி பாருங்கள். இரிபப்ளிக் (eRepublik) என்கிற இணைய அரசியல் விளையாட்டில், தலைவர் தேர்தலுக்கு முன்பு வெளியாட்கள் கும்பலாகச் சேர்ந்து கட்சியையே கைப்பற்றுவது பழைய தந்திரம். ஏழு பேர் கட்சிக்கு எட்டுப் புதியவர்கள் போதும். சேர்ந்து ஒரு மாதமாவது ஆனவருக்குத்தான் உள்தேர்தலில் வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத் தயாராக இருக்கும் அந்தப் பாதிப் பேர்மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் களைத்திருக்கலாம். ஆளுக்கொரு மசோதாவை எழுதக் கொடுத்து, அவையில் அவர்கள் பெயரிலேயே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஆளுங்கட்சிக்குப் பதில் எழுதும்போது, எதிர்க்கட்சியோடும் பேசுகிறோம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.