கீபோர்டு போனது, நோட்டு பீரோவில் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 54 வயது. பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு அப்புறம் காவேரிப்பட்டணம் பக்கம் வந்துவிட்டோம், இங்கே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். எங்கள் சபையில் இந்த ஈஸ்டர் வரைக்கும் கீபோர்டு வாசித்தது நான்தான். அதற்கு முன்னால் கால் ஆர்மோனியம் இருந்தது, அதுவும் நான்தான். துருத்தி கிழிந்தபோது சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி வாசித்திருக்கிறேன், சபையில் ஒரு பைசா கேட்டதில்லை. சீசன் நேரத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அப்படியே ஆராதனைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான்.

இப்போது புதுப் போதகர் வந்திருக்கிறார், நல்ல மனுஷர்தான், வாலிபர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கணும் என்கிறார். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் ரெண்டு மூன்று பேர் கிடார், தாளம் தட்டுகிற எலக்ட்ரானிக் பேட், புரொஜெக்டர் எல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாப் பாட்டும் ஒரே ஓட்டம். வேதநாயக சாஸ்திரியாருடைய பழைய கீர்த்தனைக்குக்கூட பேடில் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு அதன் பின்னால் ஓடுகிறார்கள். எங்கள் சபையில் பாதி வீட்டில் தெலுங்கு, வயசான அம்மாக்கள் பைபிளை வைத்துத்தான் தமிழ் எழுத்தே கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள், அவர்களால் அந்த ஓட்டத்துக்குப் பாட முடியுமா? மூச்சு வாங்கிக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள். நான் வாசிக்கும்போது சரணத்தில் அவர்கள் எங்கே இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அங்கே ஒரு அரை மாத்திரை நின்று கொடுப்பேன். ரெண்டு கட்டை சுருதியில் இருக்கிற பாட்டை ஒன்றுக்கு இறக்கி வாசிப்பேன். எந்தப் பாட்டுக்கு எந்தக் கட்டை என்று எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சபை ஆண்டு விழாவில் அந்தப் பையன்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு எதுவும் வேண்டாம். ஆனால் பேராவது சொல்லியிருக்கலாம் இல்லையா? 'ஆரம்ப காலத்திலிருந்து இசை ஊழியம் செய்தவர்' என்று ஒரு வரி. போதகர் ஐயா என்னிடம் சொன்னது, "அண்ணே, கொஞ்ச நாள் நீங்க முன்னாடி உட்கார்ந்து நிம்மதியா ஆராதிங்க." அவ்வளவுதான். கமிட்டியில் பேசினார்களா, யார் முடிவெடுத்தது, ஒன்றும் தெரியாது. நன்றாகப் பாடுகிற வரம், வாசிக்கிற வரம் எல்லாம் கர்த்தர் கொடுப்பது என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள், அப்புறம் மனுஷர் பார்த்து எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் பெரிய வெள்ளி அன்றைக்கு. மூன்று மணி ஆராதனை, கோவில் நிரம்பி ஜனம். நடுவில் ஒரு பாட்டில் அந்தப் பையன்களில் மூத்தவன் பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் நின்று, நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி மேல் ஸ்தாயியை அவனே வாசிக்க ஆரம்பித்துவிட்டான். இத்தனை பேர் முன்னால்! என் கை கொஞ்சம் நின்ற மாதிரி ஆனது உண்மைதான், வலது கையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் சில மாதமாக மரத்துப்போகின்றன, ஃபேக்டரியில் பில் எழுதும்போது பேனாவே நழுவுகிறது, வயசானால் இப்படித்தான், வீட்டில்கூட சொல்லவில்லை, அதை விடுங்கள். கேட்காமல் கை வைக்கலாமா? அதுதான் என் கேள்வி. ஈஸ்டர் முடிந்த கையோடு போதகர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

அவனே போன மாதம் வீட்டுக்கு வந்து, "அங்கிள், உங்க நோட்டைக் குடுங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன்" என்கிறான். எடத்தையும் எடுத்துக்கொண்டு நோட்டும் வேண்டுமாம். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

தூக்கம் சரியாக வருவதில்லை. எஜமான் தன் பணத்தை வேலைக்காரர்களிடம் தாலந்து தாலந்தாகக் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து, ஒரு தாலந்து வைத்திருந்தவனிடமிருந்து அதைப் பிடுங்கி பத்து தாலந்து இருக்கிறவனுக்குக் கொடுத்தார் என்று மத்தேயுவில் வருகிறதே, அது சில ராத்திரி மனதில் ஓடும். சரி, அதை விடுங்கள். கிருஷ்ணகிரியில் வேறொரு சபையில் வாசிக்க ஆள் இல்லை என்று கூப்பிடுகிறார்கள். போய்விடலாமா? இல்லை, கமிட்டியில் எழுந்து நேரடியாகக் கேட்டுவிடட்டுமா? என் மனைவி உங்கள் பகுதியைத் தவறாமல் படிப்பாள், அதனால் பெயர் போட வேண்டாம்.

பெயர் வெளியிட விரும்பாதவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

வேறு சபைக்குப் போகலாமா, கமிட்டியில் பேசலாமா என்று ரெண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ரெண்டையும் ஓரமாக வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் 'அதை விடுங்கள்' என்று ரெண்டு இடத்தில் வருகிறது. ஒன்று விரல், இன்னொன்று தாலந்து. பொன்னாடைக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட இந்த ரெண்டுக்கும் கொடுக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் விடுவதாக இல்லை.

முதலில் விரல். 54 வயதில் பேனா நழுவுவதற்கு வயசு காரணம் இல்லை. முழங்கையில் நரம்பு அழுந்தலாம், கழுத்து எலும்பில் பிரச்சினை இருக்கலாம், தெரியாமலேயே சர்க்கரை இருக்கலாம். நீங்கள் வளர்ந்தது பென்னாகரம் பக்கம் என்பதால் இன்னொன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பகுதிப் போர்த்தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது, உங்கள் சின்ன வயதெல்லாம் அந்தப் பழைய தண்ணீரில் போயிருக்கும். பல்லில் கறையோடு நிற்பவர்களும் உண்டு, பல வருஷம் கழித்து முதுகெலும்பு இறுகி நரம்பை அழுத்துகிற அளவுக்குப் போனவர்களும் உண்டு. உங்களுக்கு இதில் எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். நரம்பு ரொம்ப நாள் அழுந்திக் கிடந்தால் விரலின் பலம் திரும்ப வருவது கஷ்டம், ஆகையால் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போங்கள்.

இதை நான் முதலில் எழுதியதற்கு உடம்பு மட்டும் காரணம் இல்லை. உங்களுக்குக் கோபம் எவ்வளவு இருக்கிறதோ அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. கை போய்விட்டால் சபையில் நான் யார் என்கிற பயம். அதைத் தனியாக வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பதைவிட, ஓசூர் பையன்கள் மேல் கோபப்படுவது சுலபம். கோபத்துக்கு எதிரில் ஆள் இருக்கிறது, பேர் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. மரத்துப்போன விரலிடம் போய் யார் நியாயம் கேட்பது?

இப்போது அந்தப் பெரிய வெள்ளியை இன்னொரு முறை பாருங்கள். உங்கள் கை நின்றது. நின்ற இடத்தில் ஒரு பையன் வந்து, உங்களை எழுப்பாமல், நாற்காலியைக் கேட்காமல், விட்டுப்போன ஸ்வரங்களை மட்டும் வாசித்தான். கோவில் நிரம்பிய ஜனத்தில் எத்தனை பேருக்குப் பாட்டு தடுமாறியது என்று தெரிந்திருக்கும்? உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிற வரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். அவன் உங்களை அவமானப்படுத்தியதாக நீங்கள் படிக்கிறீர்கள், நான் படிக்கும்போது அவன் உங்கள் மானத்தைக் காப்பாற்றியதாகத் தெரிகிறது. சரணத்தில் அம்மாக்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்கள் அரை மாத்திரை நிற்பீர்களே, அதே வேலையைத்தான் அன்றைக்கு அவன் உங்களுக்குச் செய்தான்.

போதகரும் அதைக் கவனித்திருக்கலாம். 'நிம்மதியா ஆராதிங்க' என்றது உங்களைத் தள்ளிவைக்கத்தான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், கையைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் அவர் சுற்றி வளைத்திருக்கவும் கூடும். ஆனால் அவர் செய்தது சரியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் வாசித்தவரிடம் உட்கார்ந்து, முகம் பார்த்து, காரணம் சொல்லிப் பேசியிருக்க வேண்டும். நன்றி சொல்ல மறந்த சபைக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அந்த வருத்தம் நியாயம்தான்.

ஆனால் தாலந்து விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. ராத்திரியில் மத்தேயு 25 ஓடுகிறது என்றால் முழுசாக ஓடட்டும். யாருடைய தாலந்து பிடுங்கப்பட்டது? வியாபாரம் செய்து நஷ்டப்பட்டவன் ஒருவனும் அந்தக் கதையில் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனவனும் இல்லை. எஜமான் மேல் பயந்து, மண்ணைத் தோண்டி, புதைத்து வைத்தவனுடையதுதான் போனது. நீங்கள் வாசித்த பாட்டு எதுவும் புதைந்து கிடக்கவில்லை, அது எத்தனையோ வீட்டு அம்மாக்களின் வாயில் இருக்கிறது. உங்கள் வீட்டில் புதைத்து வைத்திருப்பது ஒன்றே ஒன்று. அது பீரோவில் இருக்கிறது.

விரல் மரத்துப்போனது தண்டனை என்று நினைப்பதையும் நிறுத்துங்கள். அப்போஸ்தலர் பவுல் தன் கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனதாக எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு வரும், அவருக்குப் பவுல் வயிற்றுக்கு வைத்தியமே சொல்லி அனுப்புகிறார். அவர்கள் வரத்தைக் கர்த்தர் எடுத்துவிட்டார் என்று பவுல் ஒரு வரி எழுதவில்லை.

இன்னொரு இடம் ஞாபகம் வருகிறது, இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடியாது. எண்ணாகமம் 8-ம் அதிகாரம் கடைசியில் ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்த லேவியருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 25 வயதில் கூடாரப் பணிக்கு வருகிறவன் 50 வயதில் அந்தப் பாரமான வேலையை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லவில்லை, சகோதரர்களோடு கூட இருந்து காவல் காக்கச் சொல்கிறது. யாரும் குற்றம் செய்ததால் இறக்கப்படவில்லை, பொன்னாடை பற்றியும் பேச்சில்லை. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்கு ஞானம் பெற்ற பெசலெயேலைப் பற்றிச் சொல்லும்போதும், அவன் மனதில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வரத்தையும் வைத்தார் என்று சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. செய்கிறது ஒரு பாதி, சொல்லித்தருவது மறுபாதி. நீங்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டீர்கள்.

உங்களிடம் இருக்கிற வரம் விரலில் இருப்பதாக நீங்கள் நம்புகிறீர்கள், நான் நம்பவில்லை. காவேரிப்பட்டணத்தைச் சுற்றிக் கீபோர்டு வாசிக்கிற பையன்கள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். எந்தப் பாட்டி எந்தச் சரணத்தில் இழுப்பாள், ரெண்டு கட்டைப் பாட்டை எப்போது ஒன்றுக்கு இறக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் உங்கள் சபையில் நீங்கள் ஒருவர்தான். அது காதில் இருக்கிறது, பாடுகிறவர்கள் மேல் வைத்த அக்கறையில் இருக்கிறது. அந்தப் பையன்கள் ஓட்டமாக வாசிக்கிறார்கள் என்று குறை சொல்கிறீர்கள். நிறுத்தி வாசிக்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேட்டு வந்தவனைப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டீர்களே! வரங்கள் எல்லோருடைய பிரயோஜனத்துக்காகக் கொடுக்கப்பட்டவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது உங்களுக்குத் தெரியாததல்ல. அது உங்கள் நீள நோட்டுக்கும் பொருந்தும், அங்கே வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்கு அது இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. (பேடில் தாளம் தட்டுவது பற்றி ஒன்று. நீங்கள் காப்பாற்றுகிற கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் சபைக்குப் புதுசாக வந்தவைதான்.)

அவனுக்கு ஜெராக்ஸ் போதாது. உங்கள் குறிப்புகள் உங்களுக்கு மட்டும்தான் புரியும் என்று நினைக்கிறேன், 'இங்கே நில்' என்று நீங்கள் போட்டிருக்கும் கோடு ஏன் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்த்திப் பாடிக் காட்டுங்கள். அவனுக்கு அதில் அக்கறை இல்லை என்று தெரிந்தால் அப்போது கோபப்படுங்கள், நானும் சேர்ந்து கோபப்படுகிறேன்.

கிருஷ்ணகிரி சபைக்கு இப்போது போக வேண்டாம். அங்கேயும் இதே ரெண்டு விரலோடுதான் போவீர்கள், அங்கே உங்கள் கை நின்றால் பக்கத்தில் வந்து வாசிக்க ஆள் இல்லை. கமிட்டியும் வேண்டாம். போதகரைத் தனியாகப் பார்த்து, கையைப் பற்றிச் சொல்லுங்கள், கூடவே மனதில் பட்ட வருத்தத்தையும் சொல்லுங்கள், ரெண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கும் பேச வாய் வரும்.

அதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கு ராத்திரியே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடாவிட்டாலும், சைக்கிள் டியூப் ஒட்டிய ஆர்மோனியத்தைப் படித்த உடனே அவருக்கு யார் என்று தெரிந்துவிடும்.