பேரில் ஆம்புலன்ஸ், வண்டி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன். முப்பது பெண்கள் எங்களோடு வருகிறார்கள். தோட்டத்தில் என்னை ‘செயின்ட் ஜான்’ முதலுதவி வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். கண்டக்டர் லைசென்சுக்குக் கேட்பார்களே, அதே சர்டிபிகேட். பேரில் ஆம்புலன்ஸ் இருக்கிறது, வண்டியைக் கண்ணால் கண்டதில்லை. 108 இருக்கும்போது இந்த வகுப்பு எதற்கு? இது எங்கிருந்து வந்தது? ரயில்வேயில் இருந்த என் தாத்தாவின் முதலுதவிப் புத்தகம் வீட்டில் இருக்கிறது. பாம்பு கடித்தால் கயிறு கட்டி, கீறி, பெர்மாங்கனேட் தேய்க்கச் சொல்கிறது. மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து முழங்கையைத் தூக்கச் சொல்கிறது. அதையே படித்துவிட்டுப் போனால் போதுமா?

ஒரு வாசகர், கம்பம்

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்புக்குப் போங்கள். புத்தகத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பேர். ‘ஆம்புலன்ஸ்’ என்பதற்குப் பிரெஞ்சு மூலத்தில் நடமாடும் மருத்துவமனை என்று பொருள். படைக்குப் பின்னாலேயே நகரும் சிகிச்சைக் கூடாரத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். பின்னாளில் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவராக இருந்த லாரே 1790-களில் வேகமான குதிரை வண்டிகளைப் போர்க்களத்துக்குள்ளேயே கொண்டுபோனார். அதன் பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்ல வண்டியின் மேல் ஒட்டிக்கொண்டது. 1877-ல் இங்கிலாந்தில் ‘செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அசோசியேஷன்’ தொடங்கியபோது அது முதலில் கொடுத்தது வகுப்பு. வண்டி பின்னால் வந்தது. பேர் ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்திய பழைய துறவியர் சபையுடையது. அதைப் போப்பாண்டவர் 1113-ல் அங்கீகரித்தார். எட்டு முனைச் சிலுவைச் சின்னமும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் தேவை பழைய யாத்திரையிலிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்து வந்தது. ரயில், சுரங்கம், துறைமுகம், நீராவி இயந்திரம் எல்லாம் பெருகிய காலம். கை நசுங்கியவனுக்கு மருத்துவர் வந்து சேரும்வரை பக்கத்தில் இருப்பவன் சக தொழிலாளி மட்டுமே. ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டும் கர்னல் பிரான்சிஸ் டங்கனும் 1878-ல் ஆயுதத் தொழிற்சாலை இருந்த வுல்விச் ஊரில் பொதுமக்களுக்கு வகுப்பெடுத்தார்கள். ராணுவ ஸ்ட்ரெச்சர் தூக்கிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சாதாரண ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழும் கொடுத்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பு என்பேன். ஷெப்பர்ட் அடுத்த ஆண்டே, 1879 ஜனவரி 22 அன்று, தென்னாப்பிரிக்காவில் இசாண்ட்ல்வானா போரில் இறந்துபோனார். அவர் தொடங்கிய வகுப்பு நிற்கவில்லை. ஜான் பர்லி இரண்டு சக்கரமும் மேல்மூடியும் வைத்து ஆஷ்போர்டு தள்ளுபடுக்கையை வடிவமைத்தார். சான்றிதழ் பெற்றவர்களைச் சீருடைத் தொண்டர்களாகத் திரட்டிய ‘பிரிகேட்’ 1887-ல் வந்தது.

நம்மவர்களுக்கும் இதே போன்ற ஒரு கதை உண்டு. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் காந்தி அங்குள்ள நேட்டாலில் ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். இது செயின்ட் ஜான் அமைப்பு இல்லை. வேலை அதே வேலை. சுமார் 1,100 பேர். அதில் 300 பேர்போல சுதந்திரமானவர்கள், மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பூத் பயிற்சி கொடுத்தார். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தோளேற்றி ஒரு நாளைக்கு 20, 25 மைல்கூட நடந்தார்கள். அவர்களிடமும் வண்டி இல்லை.

இனி 108. ஐதராபாத்தில் 2005 ஆகஸ்டில் தொடங்கியது, தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்தது. பெரிய வரம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் தோட்டத்தில் ஒருவர் விழுந்த இடத்திலிருந்து ஜீப் நிற்கிற இடமே எவ்வளவு தூரம்? அங்கிருந்து தார்ரோடு எவ்வளவு? அந்த நேரம் முழுக்க உங்கள் கையில்தான். தமிழ்நாடு, கேரள எல்லைப் பகுதி என்பதால் இன்னொன்றும் உண்டு. எந்த மாநில டவர் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகலாம். எடுத்தவுடன் “இடுக்கி மாவட்டம், வண்டன்மேடு” என்று மாநிலம் புரியும்படி சொல்லுங்கள், பிறகு தோட்டத்தின் பேர், பிறகு வண்டி வந்து நிற்க வேண்டிய முக்கு. அந்த முக்கில் ஓர் ஆளை நிறுத்துங்கள். விழுந்தவரைத் தூக்கிப்போனால் கேஸ் வரும் என்று ஜீப்காரர் தயங்கினால், உதவியவரைக் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவே சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

தாத்தாவின் புத்தகத்துக்கு வருகிறேன். அதை எழுதியவர்கள் ஏமாற்றவில்லை. அன்று தெரிந்ததை எழுதினார்கள். பின்னால் தவறென்று தெரிந்ததும் அடித்துவிட்டு மாற்றி எழுதினார்கள். இந்த அமைப்பின் வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது அந்த அடித்தல்களைத்தான்.

பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டினால் கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, அப்போது கீறினால் அந்தக் கீறலே நிற்காமல் ஒழுகும். பெர்மாங்கனேட் சதையைத்தான் பொசுக்கும், உள்ளே போன விஷத்தை எட்டாது. செய்ய வேண்டியது குறைவு. கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள், படுக்கவையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கை காலுக்குக் குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இமை தொங்குகிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று வழியெல்லாம் பாருங்கள், ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லுங்கள்.

ஏலத்தோட்டத்துக்கென்று தனியாக ஒன்று. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் செய்தது. ஈர நிழலில் சருகுக்குள் கிடக்கிற, மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி என்கிற சின்னப் பாம்பின் விஷத்துக்கு அது சரியான மாற்று ஆகாது. அந்தக் கடி சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். “சின்னப் பாம்புதானே” என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பாம்பைப் பிடிக்கப் போகவும் வேண்டாம், தூரத்திலிருந்து போனில் படம் கிடைத்தால் போதும். விஷமுறிவு மருந்து, செயற்கை சுவாசக் கருவி, டயாலிசிஸ் மூன்றும் உள்ள ஆஸ்பத்திரி மலைமேலா கீழே கம்பம், தேனிப் பக்கமா என்று இப்போதே விசாரித்து எழுதி ஒட்டிவையுங்கள்.

குப்புறப் படுக்கவைத்து முழங்கையைத் தூக்குவது 1932-ல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் சொன்ன முறை. 1960-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்சில் வெளியிலிருந்து மார்பை அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று காட்டிய பிறகு எல்லாமே மாறியது. இப்போது மல்லாக்கக் கெட்டித் தரையில் கிடத்தி, மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது. 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். முழங்கையை மடக்குவதும், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பை முழுக்க எழவிடாததும்தான் வழக்கமாக நடக்கிற பிழை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழம் போகாது.

பூச்சிமருந்து உள்ளே போனால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது பழைய பாடம். இப்போது கூடாது, வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளையும் சேர்த்து அனுப்புங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் இன்றும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி முக்கோணக் கட்டு. ஒரு மீட்டர் சதுரக் காடாத்துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு கிடைக்கும். ஜெர்மன் மருத்துவர் எஸ்மார்க் கட்டும் விதத்தைப் படமாகத் துணியின் மேலேயே அச்சடித்துக் கொடுத்தார், படிக்காதவருக்கும் புரிந்தது. கைத்தூளிக்கு முக்கோணத்தின் கூர்முனை முழங்கைப் பக்கம் வர வேண்டும், உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். முடிச்சைப் பிடரி எலும்பின் மேல் போடாமல் காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் போடுங்கள். வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் இழுக்க இழுக்க வழுக்கும். சரியாகப் போட்டது தட்டையாகப் படியும், அவிழ்க்கவும் எளிது.

ஸ்ட்ரெச்சர் பகுதியும் அப்படித்தான். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரண்டு கம்பு, அடிமூலைகளை வெட்டிய இரண்டு கெட்டிச் சாக்கு போதும். சமதரையில் கால் முன்னால் போகட்டும், பின்னால் தூக்குகிறவர் முகத்தைப் பார்த்தபடி வரலாம். ஏற்றத்தில் தலை முன்னால். முன்னவர் இடது காலும் பின்னவர் வலது காலும் எடுத்துவைத்தால் தொட்டில்போல ஆடாது. அடிபட்டவரைக் கிடத்துவதற்கு முன், தோட்டத்திலேயே கனமான ஆளை அதில் படுக்கவைத்து ஒரு முறை தூக்கிப் பாருங்கள். சாக்கு கிழிவதானால் அப்போது கிழியட்டும்.

அன்புடன்