சிரியாவுல விஷவாயு அடிச்சது யாரு? கேட்டவங்களும் நான் சொன்னதும்

நம்ம தண்டையார்பேட்டை படிப்பகத்து குரூப்புல சிரியா பேச்சு வந்ததுலேந்து ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சிக்கிறாங்க, ஒரு பக்கம் எல்லாம் அப்போ அங்க அதிபரா இருந்த அசாத் வேலைன்னு, இன்னொரு பக்கம் எல்லாமே அமெரிக்காக்காரன் செட்டப்புன்னு. நான் மணலில ஒரு ஆலைல குளோரின் செக்ஷன்ல இருந்து ரிடையர் ஆனவன், இந்த ரிப்போர்ட்டுங்கள வர வர படிச்சிட்டிருக்கவன், அதனால என்னைய மாட்டி வுட்டாங்க. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். ஒரே கண்டிஷன், சரின்ங்கற அந்த நரம்பு விஷவாயு எப்படி செய்றதுன்னு மட்டும் யாரும் கேக்கக்கூடாது.

வியாசர்பாடி தம்பி: அண்ணே, 2013ல ஐநா ஆளுங்க நேர்லயே போய் பாத்தாங்களே, அப்பவே யாருன்னு சொல்லிருக்கலாம்ல? இன்னாத்துக்கு மழுப்புனாங்க?

மழுப்பல தம்பி, அத சொல்ற அதிகாரமே குடுக்காம தான் அனுப்புனாங்க. ஸ்வீடன்காரர் ஓகே செல்ஸ்ட்ரோம் தலைமைல அந்த டீம் ஆகஸ்ட் 18ஆம் தேதி டமாஸ்கஸ் வந்தது வேற கேசுக்கு, மார்ச்ல அலெப்போ பக்கம் கான் அல் அஸ்ஸல்ல நடந்தத விசாரிக்க. அவங்க ஓட்டல்ல இருக்கும்போதே 21ஆம் தேதி விடிகாலைல கூட்டாங்கற புறநகர் பகுதில சரின் ராக்கெட் விழுந்துச்சு. செப்டம்பர்ல ரிப்போர்ட் குடுத்தாங்க, சரின் தான், தரைலேந்து தரைக்கு அடிக்கிற ராக்கெட்ல தான் வந்துச்சுன்னு தெளிவா எழுதுனாங்க, அதோட நிறுத்திக்கினாங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டர் கத்திக்குத்துன்னு எழுதுவாரு, குத்துனவன் யாருன்னு ஸ்டேஷன்ல தான் கண்டுபிடிக்கணும் இல்லையா, இங்க ரெண்டு வருஷத்துக்கு அந்த ஸ்டேஷனே கிடையாது. நடந்துச்சாங்கறது ஒரு கேள்வி, செஞ்சது யாருங்கறது இன்னொரு கேள்வி. நம்ம குரூப்புல பாதி சண்டை இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்புறதுனால வருது.

ராயபுரம்: இன்ஸ்பெக்டருங்க ஊருக்குள்ளயே கீறாங்க, அந்த நேரத்துல போய் அசாத் கேஸ் அடிப்பானா? லாஜிக்கே இல்லியே. கிளர்ச்சிக்காரனுக்கு தானே அமெரிக்காவ உள்ள இழுக்கணும்?

இது நல்ல கேள்வி தான், ஆனா "யாருக்கு லாபம்"னு கேட்டா சந்தேகம் வரும், சாட்சி வராது. போர்ல லாபக் கணக்கு பாக்காம முட்டாள்தனம் பண்ண ஆளுங்க எத்தனையோ பேரு.

பொருள வெச்சு பாப்போம். ரெண்டு வகை ராக்கெட் கெடைச்சுது. கூட்டாவுலயே மொவாதமியாங்கற இடத்துல 140 மில்லிமீட்டர் ராக்கெட், ஸமல்கா பக்கம் 330 மில்லிமீட்டர் பெரிய தலை வெச்ச ராக்கெட். ஐநா ரிப்போர்ட்ல இருந்த திசைய வெச்சு சில பத்திரிகைங்க மேப்புல கோடு போட்டு, ஒம்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த சிரியா அரசோட குடியரசு காவல் படை முகாம்ல போய் முட்டுது பாருன்னு போட்டாங்க. அப்புறம் தியோடர் போஸ்டல், ரிச்சர்ட் லாய்ட்னு ரெண்டு அமெரிக்க நிபுணருங்க கணக்கு போட்டு, அந்த பெரிய தலை வெச்ச ராக்கெட்டு ரெண்டு, ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல போவாதுன்னு காட்டுனாங்க. ஆக அந்த மேப்பு அடி வாங்குச்சு, அத ஒத்துக்கணும். அந்த ரெண்டு கிலோமீட்டருக்குள்ள அன்னைக்கு எந்த தெரு யார் கைல இருந்துச்சுங்கறதுல இன்னிக்கும் சண்டை போடறாங்க.

ஆனா மேப்பு தப்புன்னா முடிவும் தப்புன்னு ஆயிடாது. மண்ணுல எடுத்த சாம்பிள்ல ஹெக்ஸமின்னு ஒரு பொருள் இருந்துச்சு, அதே பொருள சிரியா அரசு தன்னோட ரசாயன ஆயுதக் கணக்குல டன் கணக்குல காட்டுச்சு. 2014 பிப்ரவரில ஐநா மனித உரிமை கவுன்சிலோட விசாரணை ஆணையம், செஞ்சவங்களுக்கு சிரியா ராணுவத்தோட ஸ்டாக் கைக்கு எட்டியிருக்கணும்னு சொல்லுச்சு. கூடவே கான் அல் அஸ்ஸல்ல போட்டதும் இதே ஜாடைன்னு சொல்லுச்சு. அந்த கான் அல் அஸ்ஸல்ல செத்தவங்கள்ல அரசு சிப்பாயிங்களும் உண்டு, அங்க குத்தவாளி யாருன்னு இதுவரைக்கும் எந்த அமைப்பும் பேரு சொல்லல. அத நான் அப்படியே வுட்டுடறேன், இழுத்து யார் தலைலயும் கட்டல.

எண்ணூர் அக்கா: கிளர்ச்சிக்காரங்க அவங்களே சரின் செஞ்சிருக்க முடியாதா தம்பி?

கொஞ்சமா செய்ய முடியும் அக்கா, ஜப்பான்ல ஓம் ஷின்ரிக்யோன்னு ஒரு சாமியார் கூட்டம் செஞ்சுது. அவங்ககிட்ட காசு, படிச்ச கெமிஸ்ட்டு, இதுக்குன்னே கட்டுன கட்டடம் எல்லாம் இருந்துச்சு. 1995ல டோக்கியோ ரயில்ல வுட்டாங்க, பதினாலு பேர் செத்தாங்க, ஆயிரக்கணக்கான பேர் பாதிக்கப்பட்டாங்க. அவ்ளோ வசதிலயும் தரமில்லாத சரக்கு தான் வந்துச்சு. கூட்டாவுல ஒரே ராத்திரில ராக்கெட் ராக்கெட்டா வந்து வுழுந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் லிட்டர் கணக்குல. அந்த அளவு ஒரு ஷெட்டுல வராது. ஆலைல வேலை பாத்தவனா சொல்றேன், பெரிய அளவுல செய்றதும் ஒரு பாட்டில் செய்றதும் வேற வேற தொழில்.

பேரு வேணாம்னு சொன்ன நர்ஸ் தங்கச்சி: வீடியோல வாயில நுரை தள்றது, துடிக்கிறது எல்லாம் நடிப்புன்னு ஒருத்தர் எழுதிருக்காரே, டாக்டருங்க எப்படிண்ணா கண்டுபிடிப்பாங்க?

உனக்கு தெரியாததாம்மா? பூச்சி மருந்து குடிச்சு வர்றவங்கள எமர்ஜென்சில நீயே பாத்திருப்ப, எச்சில் ஊத்தும், மூச்சு முட்டும், கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிடும், அட்ரோபின் ஊசி மேல ஊசி போடுவாங்க. சரினும் அதே குடும்பம் தான், ஆர்கனோபாஸ்பரஸ், வேகம் மட்டும் பல மடங்கு. நுரைய நடிக்கலாம், கண்ணு பாப்பாவ சுருக்கி நடிக்க முடியாது. அதுக்கும் மேல ரத்தத்துலயும் மூத்திரத்துலயும் சரின் ஒடைஞ்ச மிச்சம் இருக்கும், லேபுல சிக்கும். கூட்டாவுல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உதவி பண்ண மூணு ஆஸ்பத்திரிக்கு மட்டும் மூணு மணி நேரத்துக்குள்ள சுமார் 3,600 பேர் வந்தாங்க, 355 பேர் செத்தாங்க. மொத்தமா செத்தவங்க 1,429னு அமெரிக்கா அரசு சொல்லுச்சு. எண்ணிக்கைல இவ்ளோ வித்தியாசம் இருக்கும்போது ஒரே நம்பர புடிச்சிக்கினு சண்டை போடாதீங்க.

மணலி, பழைய ஷிப்ட் ஆளு: அண்ணாத்த, நீ குளோரின் பாத்தவன், டூமா பத்தி சொல்லு. மஞ்ச சிலிண்டர கைல தூக்கிட்டு போய் வெச்சுட்டாங்கன்னு ஹேக் அமைப்புலயே ஒருத்தரு சொன்னாராமே?

இதுக்கு தான் காத்துக்கினு இருந்தேன். 2018 ஏப்ரல் 7, டமாஸ்கஸ் பக்கத்துல இருக்கற டூமா. ரெண்டு மஞ்ச சிலிண்டரு. ஒண்ணு ஒரு மாடி பால்கனில கான்கிரீட்டுல ஓட்டை போட்டு, மூக்கு அந்த ஓட்டைக்குள்ள மாட்டிக்கினு கெடந்துச்சு, அந்த ஒரே கட்டடத்துல 43 பேர் செத்தாங்க. இன்னொண்ணு வேற வீட்ல கூரைய ஒடைச்சுக்கினு உள்ள வந்து கட்டில் மேல கெடந்துச்சு, அங்க யாரும் சாகல.

ஹேக்ல இருக்கற ரசாயன ஆயுதத் தடை அமைப்பு 2019 மார்ச்ல குளோரின் தான்னு சொல்ல போதுமான ஆதாரம் இருக்குன்னு எழுதுச்சு. ரெண்டு மாசத்துல அவங்ககிட்ட இருந்த இன்ஜினியர் இயன் ஹெண்டர்சன் எழுதுன பேப்பர் லீக் ஆச்சு, மேலேந்து வுழுந்ததவிட கையால வெச்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு. அமைப்பு அவர் முழு ஆதாரத்தையும் பாக்கலன்னுச்சு. என்னைய கேட்டா அந்த பேப்பர மறைச்சு வெச்சது பெரிய தப்பு, மாத்துக் கருத்த ரிப்போர்ட்டுக்குள்ளயே போட்டு, ஏன் ஏத்துக்கலன்னு எழுதிருந்தா பாதி சந்தேகம் அன்னைக்கே அடங்கிருக்கும். மறைச்சதால தான் அசாத்தோட கூட்டாளி ரஷ்யாக்காரன் டிவில மாசக்கணக்குல ஓட்டுனான்.

அப்புறம் குத்தவாளிய கண்டுபிடிக்கன்னே தனி டீம் போட்டாங்க. 2023 ஜனவரில ரிப்போர்ட். செட்டப்பா இருக்குமோன்னு அந்த கோணத்தையும் எடுத்து, வெளி நிபுணருங்கள வெச்சு சிலிண்டர் நசுங்குனது, கான்கிரீட்டு ஒடைஞ்சது எல்லாம் கணக்கு போட்டு, துமைர் விமான தளத்துலேந்து கெளம்புன சிரியா விமானப்படை ஹெலிகாப்டர் தான் போட்டுச்சுன்னு முடிவு சொன்னாங்க.

இப்ப நம்ம தொழில் விஷயம். குளோரின் காத்தவிட ரெண்டரை மடங்கு வெயிட்டு, கீழ தான் எறங்கும், அதனால தான் நமக்கு ட்ரெயினிங்ல பள்ளத்துல நிக்காத, காத்துக்கு எதிர்ல மேட்டுக்கு ஓடுன்னு அடிச்சு அடிச்சு சொல்வாங்க. டூமாவுல குண்டுக்கு பயந்து ஜனங்க கீழ பேஸ்மெண்ட்ல இருந்தாங்க, கேஸ் எறங்குனதும் மேல ஓடுனாங்க, ஆனா கேஸ் வர்றதே மேலேந்து. மாடிப்படிலயே வுழுந்தாங்க. "குளோரின்ல அவ்ளோ சீக்கிரம் சாக மாட்டாங்களே"ன்னு சிலர் கேக்கறாங்க, தெறந்த வெளில சரி, மூடுன கட்டடத்துக்குள்ள ஒரு சிலிண்டர் முழுசா எறங்குனா கத வேற. லிக்விட் வேகமா வெளிய வந்தா சிலிண்டர் அடில வெள்ளையா பனி கட்டும், ஞாபகம் இருக்கா, வால்வ் லீக் ஆனப்ப அமோனியா துணிய கிட்ட காட்டுனா வெள்ளப் புகை வரும், அத பாக்கறதுக்கு முன்னாடியே இந்த பனிய பாத்து நாம உஷாராவோம். அன்னைக்கு ராத்திரி எடுத்த வீடியோல அந்த பனி தெரியுதுன்னு சிலர் எடுத்து காட்டுனாங்க. காலி சிலிண்டர தூக்கியாந்து வெச்சா பனி வராது அண்ணாத்த.

கொருக்குப்பேட்டை: 2013லயே ரசாயன ஆயுதம் எல்லாத்தையும் குடுக்கறோம்னு சிரியா ஒத்துக்கிச்சு, அந்த ஹேக் அமைப்புக்கு நோபல் பரிசு வேற குடுத்தாங்க, அப்புறம் எங்கேந்து வந்துச்சு?

கணக்குல காட்டுனது 1,300 டன். அத கப்பல் ஏத்தி, அதுல சுமார் 600 டன் சரக்க மத்தியதரைக்கடல்ல கேப் ரேன்னு அமெரிக்க கப்பல்லயே அழிச்சாங்க. காட்டாதது காட்டாததாவே இருந்துச்சு. 2017 ஏப்ரல் 4 சிரியாவுல கான் ஷேக்குன்ங்கற ஊர்ல விழுந்த சரின்ல இருந்த கலப்படமும் சிரியாவோட பழைய ஸ்டாக் கலப்படமும் பொருந்துச்சு. குளோரின் தண்ணி சுத்தம் பண்ற சரக்கு, அத யாரும் ஒப்படைக்க வேண்டியதே இல்ல.

ராயபுரம் திரும்ப: ஐஎஸ்ங்கற அந்த இஸ்லாமிக் ஸ்டேட் கூட்டம் மட்டும் யோக்கியமா?

எவன் சொன்னான்? ஐநாவும் ஹேக் அமைப்பும் சேந்து 2015ல ஒரு கூட்டு விசாரணை டீம் போட்டாங்க, ஒருவழியா அந்த ஸ்டேஷன் வந்துச்சு. 2015ல சிரியாவுல மாரியாங்கற ஊர்ல மஸ்டர்ட் கேஸ் அடிச்சது ஐஎஸ்னு அவங்க தான் எழுதுனாங்க. தல்மெனெஸ், சர்மின்ங்கற ஊருங்கள்ல குளோரின் போட்டது அரசு ஹெலிகாப்டர்னு எழுதுனதும் அவங்க தான். கான் ஷேக்குனுக்கு அரசு பேர சொன்ன அடுத்த மாசமே ரஷ்யா வீட்டோ போட்டு டீமையே மூடிட்டான். தீர்ப்பு புடிக்கலன்னா கோர்ட்டையே இடிக்கிற கத.

காசிமேடு: ஈராக்ல கெமிக்கல் கீதுன்னு புளுகுன அமெரிக்காவ நம்ப சொல்றியா?

நம்பவே சொல்லல. 1988ல ஈராக்ல ஹலப்ஜாங்கற ஊர்ல சதாம் ஐயாயிரம் குர்து மக்கள கேஸ் போட்டு கொன்னப்ப, ஈரானும் போட்டிருக்கும்னு பழிய பங்கு போட்டதே அமெரிக்கா தான், அப்ப சதாம் அவங்களுக்கு வேண்டப்பட்டவன். கான் ஷேக்குனுக்கு மூணே நாள்ல, யாரும் விசாரிச்சு முடிக்காமயே 59 டொமஹாக் ஏவுகணை வுட்டாரு டிரம்ப். அவங்க பேச்ச தூக்கி கடல்ல போடு. அத போட்டாலும் சாம்பிள் இருக்கு, சிலிண்டர் இருக்கு, செத்தவங்க பேரு இருக்கு.

வியாசர்பாடி தம்பி: கடைசியா ஒண்ணுண்ணே, யாராவது உள்ள போவாங்களா?

ஹலப்ஜாவுக்கு சதாமோட சொந்தக்காரன் அலி ஹசன் அல் மஜீத தூக்குல போட 2010 ஆச்சு, இருபத்திரெண்டு வருஷம். சிரியாவுல 2024 டிசம்பர்ல அசாத் ஓடுனப்பறம் ஹேக் அமைப்பு ஆளுங்கள டமாஸ்கஸ்குள்ள வுட்டாங்க, நூறுக்கும் மேல இடம் பாக்கணும்னு லிஸ்ட் இருக்கு. பிரான்ஸ்ல 2013 கூட்டா வழக்குக்கு 2023 நவம்பர்ல அசாத் மேல வாரண்ட் போட்டாங்க, பதவில இருந்த அதிபர்னு சொல்லி அவங்க உச்ச கோர்ட்டு 2025 ஜூலைல அத ரத்து பண்ணுச்சு, இப்ப பதவில இல்லாததால புதுசா போடலாம்னும் அதே கோர்ட்டு சொல்லுச்சு. ஆளு மாஸ்கோவுல இருக்கான், ரஷ்யா குடுத்தா தான் உண்டு.