ஹாஸ்டலுக்கு வந்த பிறகு ஜெபமும் வேதவாசிப்பும் விட்டுப்போகிறதே, எப்படித் தொடர்வது?

கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணி வீட்டில் தினமும் வேதம் வாசித்து ஜெபித்தவர், கோலாலம்பூருக்குப் படிக்க வந்து ஒரு செமஸ்டருக்குள் எல்லாம் நின்றுபோய்விட்டது என்கிறீர்கள். விசுவாசமே குறைந்துவிட்டதோ என்ற பயம் வேறு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, தம்பி. வீட்டில் உங்களை உட்காரவைத்தது குடும்ப ஜெபம். அப்பா பாட்டை ஆரம்பித்தால் நீங்கள் வந்துதான் ஆகவேண்டும். ஹாஸ்டலில் ஆரம்பிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தனியாக வைராக்கியம் பிடிப்பதை விட்டுவிட்டு, உங்களைத் தேடுகிற ஆட்களைச் சம்பாதியுங்கள்.

அவர்கள் கிறிஸ்தவர்களாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழர் மலாய்க்காரர். சுபுஹ் தொழுகைக்கு விடியுமுன்னே எழுந்து விளக்கைப் போடுவார். நானும் எழுந்து வேதத்தை எடுத்துக்கொள்வேன். அவர் பாயில், நான் கட்டிலில். நான் எழவில்லை என்றால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார். எந்தச் செயலியும் அப்படிக் கேட்காது.

வாசிப்புக்கு, ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்கிற அட்டவணை மாணவர்களுக்கு வேண்டாம் என்பேன். மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். பரீட்சை நேரத்தில் லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டால் அதோடு சரி. நீதிமொழிகளில் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. இன்று 14 என்றால் 14ஆம் அதிகாரம். நாலு நாள் விட்டுப்போனாலும் பாக்கி சேராது.

ஞாயிறு ஆராதனையை மட்டும் விடாதீர்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு பள்ளிக்கூட நாளாகவே வளர்ந்தவர் நீங்கள். இங்கே அன்று முழுநாளும் கையில் இருக்கிறது, தூங்கிக் கழித்தால் அநியாயம். யுனிவர்சிட்டி நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். தமிழ் மெதடிஸ்ட் சபையும் லுத்தரன் சபையும் அங்கேயே இருக்கின்றன. கத்தோலிக்கர் என்றால் பாத்திமா மாதா கோயில்.

வளாகத்தில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் இருந்தால் அதற்கும் போங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பரீட்சை. உங்களுக்கு ஜெபம் அதிகம் தேவைப்படுகிற வாரத்தில்தான் கூட்டம் நடக்காது. சபையில் எல்லா வயதுக்காரர்களும் இருப்பார்கள். அங்கே ஒரு ஆன்ட்டி உங்கள் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அடுத்த வாரம் வராவிட்டால் போன் வரும், வந்தால் சாப்பிட்டாயா என்ற விசாரணை நடக்கும். கொஞ்சம் தொல்லைதான், ஆனால் வேலை செய்கிற தொல்லை.

அப்புறம், சபையில் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பாடகர் குழு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், நாற்காலி அடுக்குவது, எதுவானாலும் சரி. மனசு சரியில்லாத வாரத்திலும், நாற்காலி போட ஆள் வேண்டுமே என்றாவது போவீர்கள். முதல் ஞாயிறே பாஸ்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தால் இரண்டாவது ஞாயிறு கேளுங்கள்.