‘மேட் 9’ என்று சொன்ன இன்ஜின் பிறகு ‘மேட் 6’ என்று மாற்றிச் சொல்வது ஏன்?

செஸ் வாசகர் கேள்வி-பதில். கட்டாய மேட்டைக் கணினி எப்படித் தேடுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: ஒரே நிலையில் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் (செஸ் ஆடும் நிரல்) முதலில் ‘மேட் 9’ என்றது, பத்து விநாடியில் ‘மேட் 7’, கொஞ்ச நேரம் விட்டால் ‘மேட் 6’. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். ‘மேட் 9’ என்றால், எதிராளி எதை ஆடினாலும் ஒன்பதாவது நகர்வுக்குள் முடிக்க வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இதைவிடச் சீக்கிரம் முடியாது என்று இன்ஜின் எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் அப்படி வாசித்துக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நிலையில் சுமார் 35 நகர்வுகள் சாத்தியம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நகர்வு மேட்டுக்கு (வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை) 42,875 வரிசைகள். மூன்று நகர்வு மேட்டுக்கு 5.25 கோடி. ஐந்துக்குப் போனால் கிட்டத்தட்ட 79 லட்சம் கோடி. ஆல்ஃபா-பீட்டா முறை இதில் பெரும்பகுதியை விடை கெடாமல் கழித்துவிடும். ஸ்டாக்ஃபிஷ் அதோடு நிற்பதில்லை, துணிந்தும் வெட்டுகிறது. ‘இது உருப்படாது’ என்று தோன்றும் நகர்வுகளை வரிசையில் பின்னால் தள்ளி, அவற்றை மேலோட்டமாக மட்டும் பார்க்கும். திரையில் ‘ஆழம் 30’ என்று ஓடும்போது, செக்கும் வைக்காமல் காயும் வெட்டாமல் இருக்கிற ஓர் அமைதியான நகர்வு அதில் பாதி ஆழம்கூடப் பார்க்கப்படாமல் கிடக்கலாம். ஆறு நகர்வு மேட் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஆழம் கூடக் கூடத்தான் அது அகப்படும்.

ஹாஷ் (பார்த்த நிலைகளை நினைவில் வைக்கும் இடம்) அளவு 16 எம்பி, ஒரே ஒரு திரெட் (இணையாக ஓடும் தேடல் வேலை) என்ற ஆரம்ப அமைப்பிலேயே பலர் ஓட்டுகிறார்கள். ஹாஷை 1024 எம்பி ஆக்குங்கள். திரெட்டை, கணினியில் உள்ள கோர்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதிக்கு வையுங்கள். கட்டளை வரியில் ‘கோ மேட் 6’ என்று கொடுத்தால் ஆறோ அதற்குக் குறைவோ கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். இது நிறுத்தக் குறி மட்டும்தான், தேடும் விதம் மாறாது. சந்தேகப்படும் நகர்வை நீங்களே ஆடிக் காட்டி, இன்ஜின் மேட்டைப் பார்த்த பிறகு ஒரு நகர்வு பின்னால் வாருங்கள். கண்டது ஹாஷில் இருப்பதால் இப்போது உடனே சொல்லும்.

கேள்வி: ‘நல் மூவ்’ (வெற்று நகர்வு) உத்தியால் மேட் தவறிப்போகும் என்கிறார்களே, எப்படி?

பழைய செஸ் மேதை பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் ஒரு பழைய புதிரைப் பலகையில் வையுங்கள். வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டில் மேட்.

விடை, யானை ஏ6. பி7 சிப்பாய் யானையை வெட்டினால், பி6 சிப்பாய் பி7-க்கு ஏறி மேட். பிஷப் எங்கே நகர்ந்தாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். ஏ7 சிப்பாயோ ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு கிடக்கிறது, பி6-ஐ வெட்ட முடியாது. கறுப்புக்கு வேறு நகர்வே இல்லை. ‘என் முறை வேண்டாம், நீயே ஆடு’ என்று சொல்ல முடிந்தால் கறுப்பு தப்பித்துவிடும். பிஷப் பி8-இல் இருக்கிறவரை, யானை ஏ7-ஐ வெட்டினால் பிஷப் யானையை வெட்டிவிடுமே!

நல் மூவ் உத்தி செய்வது அந்தச் சலுகையைத்தான். ஒரு தரப்பைச் சும்மா இருக்கவிட்டுப் பார்க்கிறது. அப்போதும் அதற்கு ஆபத்து இல்லை என்றால் ‘இந்தக் கிளையில் தேட ஒன்றும் இல்லை’ என்று மூடிவிடுகிறது. சாதாரண ஆட்டத்தில் இது பொன்னான குறுக்குவழி. நகர்த்தியே தீர வேண்டும் என்பதாலேயே தோற்கிற நிலையில், அதாவது சுக்ஸ்வாங்கில், காலை வாரிவிடும். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் நல் மூவை நிறுத்திவிடும் காவல் இன்ஜின்களில் உண்டு. ஆனால் மேலே பாருங்கள், கறுப்பிடம் ஒரு பிஷப் இருக்கிறது; அந்தக் காவல் இங்கே விழித்துக்கொள்ளாது. அதிக ஆழத்தில் மறுசோதனை செய்வதாலும், தேடல் மீண்டும் மீண்டும் ஆழப்படுவதாலும்தான் கடைசியில் உண்மை வெளியே வருகிறது.

இந்தக் குட்டிப் புதிரை எந்த இன்ஜினும் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். இதே பொறி ஏழாவது நகர்வில் புதைந்திருந்தால்தான் நிமிடக்கணக்கில் திணறும்.

கேள்வி: லீலா இன்ஜின் இவ்வளவு பலமாக ஆடுகிறது, எளிய மேட்டை விட்டுவிட்டு ஏன் சுற்றிக்கொண்டிருக்கிறது?

லீலா செஸ் ஜீரோ தேடும் முறையே வேறு. நரம்பு வலை ஒவ்வொரு நகர்வுக்கும் ‘இது நல்லதாக இருக்க இவ்வளவு வாய்ப்பு’ என்று ஒரு மதிப்பு தரும். தேடல் நேரம் அந்த விகிதத்தை ஒட்டியே பங்கிடப்படும். ராணியைச் சும்மா கொடுக்கிற நகர்வுக்கு வலை மிகக் குறைந்த மதிப்பு தந்திருந்தால், ஆயிரக்கணக்கான நிலைகளைப் பார்த்த பிறகும் அந்தப் பக்கம் நாலைந்து எட்டிப் பார்த்தல்களே நடந்திருக்கும். மேட் அதன் பின்னால் இருந்தால் தெரியாது.

நீங்கள் சொல்லும் சுற்றலுக்குக் காரணம் இன்னொன்று. வெற்றி வாய்ப்பு 99 சதவீதத்தைத் தாண்டியபின் ஐந்தில் முடிப்பதும் ஐம்பதில் முடிப்பதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. ‘இன்னும் எத்தனை நகர்வு’ என்று கணிக்கும் பகுதி பின்னாளில் வலையோடு சேர்க்கப்பட்டதால் இந்த இழுவை நன்றாகக் குறைந்தது. எப்படியானாலும், மேட் தேட லீலாவை எடுக்காதீர்கள். இந்த நிலை வெற்றியா, எந்தத் திட்டம் சரி என்று கேட்க வேண்டுமானால் அதைக் கேளுங்கள்.

கேள்வி: நான் புதிர் அமைப்பவன். மூன்று நகர்வு மேட்டில் இரண்டாவது விடை இல்லை என்று உறுதி செய்ய எது நல்லது?

பாப்பாய் என்ற புதிர் சோதிக்கும் நிரல். இலவசம். வலுவாக ஆடுவது அதன் வேலையே அல்ல. கேட்ட நகர்வு எண்ணிக்கைக்குள் எல்லாச் சாத்தியங்களையும் பார்த்து, எத்தனை முதல் நகர்வுகள் விடையாகும் என்று பட்டியல் தரும். ‘விடை ஒன்றே’ என்ற உறுதி இப்படி முழுசாகத் தேடினால்தான் கிடைக்கும். விலை, நேரம்: ஒரு நகர்வு கூடினால் வேலை பல மடங்காகும். காய்கள் நிறைந்த பலகையில் ஐந்து, ஆறு என்று போனால் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

ஸ்டாக்ஃபிஷில்தான் பார்ப்பேன் என்றால் மல்ட்டி-பிவியை (எத்தனை சிறந்த வரிகளைக் காட்டுவது என்ற அமைப்பு) 1-இலிருந்து 5 ஆக்குங்கள். இரண்டாவது வரியிலும் ‘மேட் 3’ வந்தால் புதிர் உடைந்தது. வராவிட்டால் ‘அநேகமாகச் சரி’ என்பதற்கு மேல் போகாதீர்கள்.

பலர் தடுக்கி விழுவது இன்ஜினில் அல்ல, பலகை நிலையை எழுத்தில் சொல்லும் ஃபென் வரியில். யார் முறை என்ற எழுத்து தவறினால் எல்லாமே தவறு. புதிர் மரபில் ராஜாவும் யானையும் தத்தம் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், நகர்ந்தது நிரூபணமாகாதவரை கேஸ்லிங் உண்டு. ஃபென்னில் கேஸ்லிங் உரிமையைச் சொல்லும் இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தால் இன்ஜின் கேஸ்லிங்கை எண்ணவே எண்ணாது. கறுப்பு கேஸ்லிங் செய்து தப்பிக்கும் புதிருக்கு ‘மேட் 3’ என்று அடித்துச் சொல்லும். பாப்பாய் மரபுப்படி தானே அனுமதித்துக்கொள்கிறது.

கேள்வி: சிசிஜி டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட விடைத் தொகுப்பு) போட்டிருக்கிறேன். வெற்றி என்கிறது, மேட் எண் காட்டவில்லையே?

அதில் அந்த எண் இல்லை. சிசிஜி சேமித்திருப்பது, வெற்றியா டிராவா தோல்வியா என்பதும், அடுத்த காய் வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு எவ்வளவு தூரம் என்பதும்தான். 50 நகர்வு விதிக்காக (காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம்) அமைத்தது. மேட்டுக்கான தூரம் வேண்டுமானால் நாலிமோவ் போன்ற தொகுப்பு வேண்டும். ஏழு காய்களுக்கு மாஸ்கோவில் 2012-இல் கணக்கிட்ட லோமோனோசோவ் தொகுப்பில் மிக நீளமான மேட் 549 நகர்வு.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்கு மேட் தேடும் நிரல் எழுதுகிறேன். எங்கே தொடங்குவது?

ஆழத்தை ஒன்று ஒன்றாகக் கூட்டும் முழுத் தேடலில் தொடங்குங்கள். வெள்ளையின் முறையில் ஒரு நகர்வு வென்றால் போதும். கறுப்பின் முறையில் எல்லாப் பதில்களும் தோற்க வேண்டும். அது ஓடியபின் புரூஃப் நம்பர் தேடலுக்கு வாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ‘மேட்டை நிரூபிக்க இன்னும் குறைந்தது எத்தனை நிலைகள் பாக்கி’ என்று ஓர் எண். வெள்ளையின் முறையில் பிள்ளைகளின் (அடுத்து வரும் நிலைகளின்) மிகச் சிறிய எண்ணையும், கறுப்பின் முறையில் கூட்டுத்தொகையையும் மேலே ஏற்றுங்கள். செக்குக்கு ஒரே பதில் என்றால் எண் 1. அமைதியான நகர்வுக்கு முப்பது பதில் என்றால் 30. ஆகவே தேடல் தானாகவே செக்குகளின் பின்னால் ஓடும். இருபது செக் தொடரைச் சட்டென்று பிடிக்கும். மார்ஃபி புதிர் மாதிரி அமைதியான முதல் நகர்வைக் கடைசியில்தான் தொடும். கிடைத்த மேட் குறுகியது என்ற உறுதியும் இல்லை. நினைவகம் சீக்கிரம் நிரம்பும், ஒரே நிலை வேறு வழியில் திரும்பி வந்தால் எண்கள் குழம்பும். இரண்டையும் முதலிலேயே யோசித்து வையுங்கள்.

1951-இல் மான்செஸ்டரில் ஃபெராண்டி மார்க் 1 கணினியில் டீட்ரிக் பிரின்ஸ் எழுதிய நிரல் இரண்டு நகர்வு மேட் ஒன்றுக்கு 15 நிமிடம் எடுத்தது. மேட்டையும் ஸ்டேல்மேட்டையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. ‘நகர்வு இல்லை’ என்றவுடன் மேட் என்று எழுதிவிடாமல், ராஜா செக்கில் இருக்கிறாரா என்று பார்க்கும் வரியை உங்கள் நிரலில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.