வெளிநாட்டுக்குப் போய் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆனது?

இருக்கிறேன். செய்து 14 மாதம் ஆகிறது. இஸ்தான்புல்லில்.

நாள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஒரே நாள். நாலாம் நாள் விமானம் ஏறிவிட்டேன். தொப்பி இல்லாமல் வெளியே நடமாட இரண்டு வாரம். கண்ணாடியைப் பார்த்து எரிச்சல் வராமல் இருக்க ஆறு மாதம். இனி இவ்வளவுதான் என்று முடிவு தெரிய ஒரு வருடத்துக்கு மேல். இத்தனை காலத்தில் செய்த டாக்டர் என் தலையை நேரில் பார்த்தது முதல் மூன்று நாள் மட்டும்தான். வெளிநாடு போவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். கிளம்பும்போது ஹோட்டல், டிக்கெட், எத்தனை கிராஃப்ட் (நடப்போகும் முடிக்கொத்து) என்று எல்லாம் விசாரிப்போம், இதை மட்டும் கேட்கமாட்டோம். நானும் கேட்கவில்லை.

எனக்கு 36 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம். வழுக்கையை 1 முதல் 7 வரை பிரிக்கும் நார்வுட் அளவுகோலில் 4. ஐந்து கோணத்தில் தலையைப் படம் எடுத்து நான்கு இடங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்து பத்தே நிமிடத்தில் பதில்: 5000 கிராஃப்ட், ஐந்து நட்சத்திர ஹோட்டல், ஏர்போர்ட்டிலிருந்து கார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை நேரில் பார்த்தது அன்றுதான். ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம், அதனால் தலைக்கு ஐந்தாயிரம் கிராஃப்ட் என்கிற மாதிரி இருந்தது.

இன்னோர் இடத்தில் பதில் வர இரண்டு நாள் ஆனது. அதுவும் பதில் இல்லை, கேள்விகள். அப்பாவுக்கு எவ்வளவு சொட்டை, தாய்மாமாவுக்கு எப்படி, எத்தனை வயதில் தொடங்கியது, மாத்திரை எடுக்கிறீர்களா, பின்தலையை ஈரமாக்கி சீப்பால் வகிடு பிரித்து ஒரு படம் அனுப்புங்கள். எல்லாம் அனுப்பியபின், "2800 போதும், முன்பக்கம் மட்டும், உச்சியை இப்போது தொட வேண்டாம்" என்றார்கள். காசு கொடுக்க வருகிறவனிடம் வேண்டாம் என்று சொல்கிறார்களே என்று அங்கேயே போனேன்.

கிராஃப்ட் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முடி நம் தலையில் கொத்துக் கொத்தாகத்தான் முளைக்கிறது, ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு வரை. அந்தக் கொத்தை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடுவதைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். எடுப்பது பின்தலையிலிருந்து. வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி ஹார்மோன் அங்குள்ள முடியை அவ்வளவாக அசைப்பதில்லை, முன்னால் கொண்டுவந்து நட்டாலும் அந்தக் குணம் முடியோடு கூடவே வருகிறது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-இல் இதை எழுதினார். மொத்தத் தொழிலும் இன்றுவரை அதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பலருக்கு இது தெரியவே தெரியாது. பின்தலை என்பது எடுக்க மட்டும் முடிகிற, போட முடியாத கணக்கு. சாதாரணமாக ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே ஐந்தாறாயிரம் கிராஃப்டைத் தாண்டுவது கடினம். 36 வயதில் 5000-ஐயும் ஒரே மூச்சில் எடுத்து முன்னால் நட்டுவிட்டால், 45-இல் உச்சி காலியாகும்போது எங்கே போய் எடுப்பது? ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசையில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். வேறு இடத்தில் செய்துகொண்டவர், என்னைவிடச் சின்னவர். பின்னால் சிவப்புப் புள்ளிகள் பிடரியின் அடிவரைக்கும் காதோரம் வரைக்கும் இறங்கியிருந்தன. அந்த ஓரத்து முடியும் பிற்பாடு உதிரக்கூடியது. "டாக்டரை அஞ்சு நிமிஷம் பார்த்தேன், கோடு போட்டுட்டுப் போயிட்டார்" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் எஃப்யூஇ-யா (கொத்துகளை ஒவ்வொன்றாக எடுக்கும் முறை), சஃபையர் பிளேடா (துளை போடும் கத்தி), டிஹெச்ஐ பேனாவா (துளை போட்டுக்கொண்டே நடும் கருவி) என்று முறை, கருவிகளின் பெயரைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, யார் கை வைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். முடியை எடுப்பது யார், நடுவதற்கான துளையைப் போடுவது யார், அன்று அதே டாக்டர் இன்னும் எத்தனை பேருக்குச் செய்கிறார். துளை எந்தக் கோணத்தில் போகிறதோ அந்தக் கோணத்தில்தான் முடி முளைக்கும். துருக்கியில் வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்க அந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் உடல்நலச் சுற்றுலா அனுமதிச் சான்று வேண்டும், 2017 முதல். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டாக்டரே இல்லாமல் நடத்தும் கள்ளச்சந்தை கிளினிக்குகளை எதிர்த்து இத்துறை மருத்துவர்களின் சர்வதேச சங்கமே பிரசாரம் நடத்துகிறது. அப்படிக் கெட்டுப்போன தலைகளைச் சரிசெய்து கொடுப்பதற்கென்றே நவம்பர் 11-ஐ ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ரத்தப் பரிசோதனை, தலையை மழித்தல், பேனாவால் கோடு. கோட்டை இன்னும் ஒரு விரற்கடை கீழே இறக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். "உங்களுக்கு ஐம்பது வயதாகும்போதும் இந்தக் கோடு அங்கேயேதான் இருக்கும்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார். மரத்துப்போக ஊசி போடுகிற பத்து நிமிடம் நிஜமாகவே வலி, நெற்றிப் பக்கம் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குப்பின் வலி கிடையாது. குப்புறப் படுத்திருக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழல் தோலுக்குள் இறங்குகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, பழைய துணியில் ஊசி குத்துகிற மாதிரி. மொத்தம் எட்டு மணி நேரம். சின்ன ஆபரேஷன் என்று அலட்சியம் வேண்டாம்: மரத்துப்போகப் போடும் லிடோகெய்ன், அட்ரினலினோடு சேர்த்துக் கொடுத்தால்கூட, எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதுதான் வழக்கமான உச்சவரம்பு. மீறினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். அந்த அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர் அறையில் இருக்க வேண்டாமா?

மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் வேறு யாரோ நிற்கிறார். தலையில் ஏற்றிய திரவமெல்லாம் நெற்றிக்கு இறங்கி, மறுநாள் கண்ணிமைக்கு வந்துவிட்டது. சண்டையில் அடி வாங்கினவன் மாதிரி இரண்டு கண்ணும் பாதிதான் திறந்தது. இது பலருக்கும் வரும், சில நாளில் தானாக வடியும். ஆனால் அந்த முகத்தோடுதான் பாஸ்போர்ட் கவுன்டரில் நிற்க வேண்டும். இஸ்தான்புல் ஏர்போர்ட்டில் கவலையே இல்லை. கறுப்புப் பட்டை கட்டிய சிவந்த தலைகள் வரிசைக்கு மூன்று நான்கு நிற்கும். டர்க்கிஷ் ஏர்லைன்ஸை டர்க்கிஷ் ஹேர்லைன்ஸ் என்று கிண்டலடிப்பது சும்மா இல்லை.

ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும்போதுதான் என் வாழ்க்கையிலேயே விலை உயர்ந்த இடியை வாங்கினேன். கண் சரியாகத் தெரியாமல் குனிந்ததில் கதவின் மேல்விளிம்பு இடது நெற்றியோரத்தில் பட்டது. ரத்தம் கசிந்தது, விரலில் மூன்று கறுப்புப் புள்ளிகள். உப்புநீர் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போனேன், கடைசியில் நட்ட 2850-இல் மூன்று போச்சு என்று. விமானத்தின் அழுத்தத்தால் கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு: அழுத்தம் ஒன்றும் செய்யாது. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் பலகை, முன்சீட்டுக்காரர் சட்டென்று எழுந்திருப்பது, கார் கதவு, இவைதான் எமன்.

இந்தப் பயம் எத்தனை நாளைக்கு என்பதற்குப் பதில் உண்டு. நட்ட முடியையும் அதன் பக்கையும் வேண்டுமென்றே இழுத்துப் பார்த்து 2006-இல் ஒரு ஆய்வு வந்தது. முதல் இரண்டு நாள் முடியை இழுத்தால் கிராஃப்ட் கையோடு வந்தது. ஒட்டியிருந்த பக்கைப் பிய்த்தால் ஐந்தாம் நாள்வரை கிராஃப்டும் போனது. ஒன்பதாம் நாள் என்ன செய்தாலும் வரவில்லை. ஆக, ஒன்பது நாள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடமாட வேண்டும். கழுத்தில் பயணத் தலையணையை மாட்டிக்கொண்டு, மூன்று தலையணைச் சரிவில் மல்லாந்து தூக்கம். தலைவழியாகப் போடுகிற சட்டை எதுவும் கூடாது, பட்டன் சட்டைதான். குளியல் என்றால் நுரையைத் தட்டித் தட்டி வைத்து, ஊறவிட்டு, குவளையால் வெதுவெதுப்பான நீரை ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பத்தாம் நாளுக்குமேல் விரல்நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்த்தேன், பக்கு உதிர ஆரம்பித்தது. என் மகள் அதுவரை பக்கத்தில் வரவில்லை, "அப்பா தலையில எறும்பு" என்று எட்ட நின்றே பார்த்தாள்.

அரிப்பு பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. வலியைவிட மோசம். நட்ட இடமில்லை, எடுத்த இடம்தான், பின்தலை. ராத்திரி இரண்டு மணிக்குக் கையைக் கட்டிப்போட வேண்டிய நிலை. உச்சந்தலை மரத்துப்போய் மூன்று மாதம் வரை அடுத்தவன் தலையைத் தொடுகிற மாதிரியே இருந்தது.

ஐந்தாம் வாரம் நட்டதெல்லாம் கொட்டத் தொடங்கியது. இது நடக்கும் என்று படித்திருந்தேன்: வேர் உள்ளே ஓய்வுக்குப் போகிறது, மேலே உள்ள தண்டு மட்டும் உதிர்கிறது, மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கும். ஆனாலும் தலையணை உறையில் கண்ணால் பார்க்கும்போது படிப்பு கைகொடுக்கவில்லை. போதாக்குறைக்கு ஏற்கெனவே அங்கிருந்த என் சொந்த முடியும் சேர்ந்து உதிர்ந்தது. இருந்ததும் போச்சே என்று ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாதம் அது. அந்தச் சமயத்தில்தான் பின்தலையில் சீழ்க் கொப்புளங்கள் வேறு வந்தன.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பதில்: "நார்மல், கவலைப்படாதீர்கள்", ஒரு கைகூப்பு எமோஜி. மறுநாள் இரண்டு கொப்புளம் பெரிதாகிவிட்டது, மறுபடி அனுப்பினேன். அதே வாசகம், அதே எமோஜி. மூன்றாவது தடவை, "டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். அவர் எப்போதும் ஆபரேஷனில்தான் இருந்தார். நல்ல கைக்காரர், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் விமானம் ஏறிய நிமிடம் அந்த கிளினிக்குக்கு என் கதை முடிந்துவிட்டது. இங்கே ஒரு தோல் மருத்துவரிடம் போனால், "செஞ்சவங்ககிட்டயே காட்டுங்க" என்று கையை விரித்தார். இரண்டாவதாகப் பார்த்தவர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை கிராஃப்ட், எங்கே எடுத்தது என்று அவர் ஒரு தாள் கேட்டார். என்னிடம் இருந்தது ஒரு சான்றிதழும் ஷாம்பு பாட்டிலும்தான்.

ஆகவே போகிறவர்கள் இரண்டு வேலையைச் செய்துவிட்டுப் போங்கள். கிளம்பும் முன்பே உங்கள் ஊர் தோல் மருத்துவர் ஒருவரிடம் பேசி, திரும்பி வந்தபின் பார்க்கச் சம்மதமா என்று கேட்டுவையுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது ஆபரேஷன் விவரத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் வாங்காமல் காரில் ஏறாதீர்கள்.

மாத்திரை விஷயம். நட்ட முடி நிற்கும், நடாத முடி உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஃபினாஸ்டரைடு, அமெரிக்காவில் 1997-இல் ஆண் வழுக்கைக்கு அனுமதி பெற்றது, தினம் 1 மில்லிகிராம். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைவது போன்ற பக்கவிளைவு வரும், எனவே டாக்டரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம். எனக்கு ஒத்துக்கொண்டது, தொடர்கிறேன். மாத்திரையே வேண்டாம், ஒரே தடவையில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பவர் ஆபரேஷனுக்கு முன் இன்னொரு முறை யோசிக்கலாம்.

இப்போது? நாலாம் மாதம் முளைக்க ஆரம்பித்தது, முதலில் சுருட்டையாக, மெலிதாக. எட்டாம் மாதம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர் எதையும் கவனிக்கவில்லை, அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. உச்சி இன்னும் வெளிச்சம்தான், மொட்டை மாடி லைட்டுக்குக் கீழே நிற்பதில்லை. இடது நெற்றியோரத்தில் பயறு அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. மூன்று கிராஃப்டுக்கு இவ்வளவு இடமா என்று இருக்கும். முடி வெட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் அங்கே சீப்பை நிறுத்தி, "இங்க என்ன ஆச்சு சார்?" என்கிறார். கார் கதவு என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.